மறுபேச்சு பேசிய மகள்!

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு, 2023 மே மாதம் போயிருந்தேன். ஒருநாள், மகளும், மாப்பிள்ளையும் மோவாப் என்ற ஊரில் மலை சைக்கிள் ஓட்டப் புறப்பட்டனர்; நானும் தொற்றிக் கொண்டேன்.

சிலிக்ராக் என்ற அந்தப் பாதை, கிட்டத்தட்ட 17 கி.மீ., சுற்று. 1969ல் மோட்டார் சைக்கிளுக்காகப் போட்டதாம். எங்கு பார்த்தாலும், கவிழ்த்து வைத்த சட்டி போல மணற்பாறைகள். பாறை மேல் அடித்திருக்கும் வெள்ளைக் கோடு தான் வழிகாட்டி. அந்தக் காலத்தில் குதிரை லாடம் வழுக்கியதால், 'வழுக்குப் பாறை' என்று பெயர். சைக்கிள் டயரோ, பல்லி மாதிரி பிடித்துக் கொள்கிறது! ஆனால், நிழல் கிடையாது. குடிக்க ஒரு சொட்டு தண்ணீர் கிடைக்காது.

புடவையும், கேன்வாஸ் ஷூவுமாக கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு, கார் பக்கத்தில் காத்திருந்தேன். எதிர்பார்த்ததற்கு முன்பே இருவரும் வந்து விட்டனர்.

''பாதி சுற்று கூட முடியல அத்தை... இவ தான் திரும்பலாம்னு ஒரே அடம்!'' என்றார் மாப்பிள்ளை, முகத்தைத் தூக்கி வைத்தபடி.

''பாதி தூரம் வர்றதுக்குள்ளயே, கொண்டு போன தண்ணியில பாதி காலிம்மா. அப்புறம் எப்படி போறது?'' என்றாள் மகள்.

கல்யாணமான புதிதில், 'அவர் சொன்னா மறுபேச்சு பேசாதே' என்று அவளுக்குப் புத்தி சொன்னவள் நான். நல்லவேளை, அவள் அதைக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை, மிச்சத் தண்ணீரோடு என் பாட்டிலையும் வாங்கி, ஒரே மூச்சில் காலி செய்தார்.

— ஒரு வாசகி, திருச்சி.