பாட்டும் ஆட்டமும் பிழைப்புக்கு ஆகுமா?

வடலூர், நெய்வேலிப் பக்கம் பத்தாம் வகுப்பு வந்தால் பல வீடுகளில் முதலில் நின்றுபோவது பாட்டும் ஆட்டமும்தான். பிழைப்புக்கு உதவாது என்பது கணக்கு. அது தப்புக்கணக்கு. பாட்டையும் ஆட்டத்தையும் இணையவழியே கற்றுக்கொடுத்தும் பிழைக்கலாம். அதற்காக இணையத்தில் விளம்பரம் செய்வதை, கட்டணம் வாங்குவதை எந்த வயதிலும் சில மாதங்களில் கற்கலாம். சிறுவயதில் காதில் ஏறிய சுருதியை அப்படிக் கற்க முடியாது. விளையாட்டிலும் இதே கதைதான். 2008-இல் சதுரங்க ஆட்டக்காரர்களான ஆர்.பி. ரமேஷும் ஆர்த்தி ராமசாமியும் சென்னையில் தொடங்கிய செஸ் குருகுலம் பின்னாளில் இணையத்திலும் பாடம் நடத்தியது. அதன் முதலீடு சிறுவயதுச் சதுரங்கம். கிரிக்கெட் வீரர் அஸ்வினின் யூடியூப் சேனலுக்கு ஆள் சேர்ந்தது பொறியியல் பட்டத்தாலா, சுழற்பந்தாலா?

அவர்கள் புகழ்பெற்றவர்கள், நமக்கு நடக்குமா என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லட்சம் பார்வையாளர் எதற்கு? அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை என்ற கர்நாடக இசை விழா நடக்கிறது. அதுபோன்ற ஊர்களில் நம் பாட்டைக் கற்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இணைய வகுப்புக்குப் பத்துப் பேர் வந்தாலே மாதச் செலவுக்குக் கை கொடுக்கும். பெற்றோரே, தேர்வு ஆண்டிலும் வாரம் ஒரு வகுப்பையாவது விட்டுவையுங்கள்.