கார் பார்க்கில் எட்டு மாதம்

சனிக்கிழமை காலை பத்து மணி. ஸ்காபரோவில் என் மகளின் தமிழ் வகுப்புக்கு வெளியே வரிசையாகக் கார்கள். பிள்ளையை இறக்கிவிட்டு, ஹீட்டரைப் போட்டபடி, போனைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்போம். எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சாம்பல் நிற வான் நிற்கும். அதில் இருப்பவருக்கு எட்டு மாதமாகத் தலையாட்டியிருக்கிறேன். பெயர் தெரியாது. பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு அம்மா காலமான செய்தி வந்தது. அது அவருடைய மனைவி என்று எனக்குத் தெரிய இரண்டு கிழமை எடுத்தது. அந்த இரண்டு சனியும் நான் வழமைபோலத் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்த்திருக்கிறேன்.

அதே நேரம்தான் எங்கள் பெற்றோர் சங்கம் சொந்தமாக ஒரு சின்னக் கட்டிடம் கட்ட யோசித்தது. ‘நீர் கம்ப்யூட்டர் ஆள்தானே, கணக்கைப் பாரும்’ என்று செலவு அட்டவணையை என்னிடம் தந்தார்கள். பிளானில் ஐந்து வகுப்பறை, நடுவில் ஒடுங்கிய நடைபாதை, பின்மூலையில் சமையலறை. காத்திருக்க இடமே இல்லை. காசு சேர்த்து இன்னொரு கார் பார்க் கட்டப்போகிறோம் என்று பட்டது.

கட்டிடக்கலை எனக்குத் தெரியாது. தேடிப் படித்ததில் வில்லியம் வைட் என்பவரின் வேலை பிடித்துக்கொண்டது. நியூயோர்க்கில் சின்னச் சின்னச் சதுக்கங்களில் கமரா வைத்து, ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று வருடக்கணக்கில் பார்த்தவர். 1980இல் அது புத்தகமாக வந்தது. ஆட்கள் நின்று நெடுநேரம் கதைப்பது ஒதுக்குப்புறத்தில் இல்லையாம், மற்றவர்கள் போய்வரும் வழியின் நடுவிலாம். கல்யாண வீட்டு வாசலில் செருப்பைப் போட்டபிறகும் அரைமணி நேரம் நிற்கிற எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இன்னொன்று, நகர்த்தக்கூடிய கதிரை. தேவையே இல்லாவிட்டாலும் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் இருப்பார்களாம். பக்கத்தில் இருப்பவரோடு எவ்வளவு நெருக்கம் என்பதை அவரவரே முடிவு செய்கிறார்கள்.

டொரொன்டோவின் டஃபரின் குரோவ் பூங்காவுக்கும் மகளோடு போய்ப் பார்த்தேன். அங்கே 1995இல் பொதுவில் ஒரு விறகு அடுப்பு கட்டினார்கள். ஒரு அடுப்பு, அவ்வளவுதான். ஆனால் பீட்சா வேகும்வரை எல்லோரும் அதைச் சுற்றித்தானே நிற்கவேணும்!

அடுத்த கூட்டத்துக்கு ஒரு கீறலோடு போனேன். ஒரு வகுப்பறையைக் குறைத்து, சமையலறையை வாசலடிக்குக் கொண்டுவந்து, தேத்தண்ணி கொடுக்க ஒரு ஜன்னல். எதிரே, சப்பாத்து கழற்ற 30 அங்குல அகலத்தில் ஒரு வாங்கு. அந்த அகலம் இருந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கலாம் என்பது வைட் சொன்ன கணக்கு. ஊர்த் திண்ணையில் வந்து இருக்க யாரும் கூப்பிடத் தேவையில்லை. மைனஸ் இருபதில் அதை வெளியே கட்டமுடியாது, வாசலுக்கு உள்ளேதான் வைக்கவேணும்.

பொருளாளர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, வகுப்பறைக்கெண்டுதான் காசு சேர்த்தனாங்கள், தேத்தண்ணி குடிக்க இல்லை. இடமில்லாமல் எத்தினை பிள்ளையள் காத்திருக்கினம் தெரியுமோ?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் சொன்னேன். “அங்கிள், கார்க்குள்ள இருக்கிற தாய் தகப்பன் ஒருத்தரோட ஒருத்தர் இங்கிலீஷிலகூடக் கதைக்கேல்லை. பிறகு பிள்ளையள் ஆரோட தமிழ் கதைக்கிறது?”

முடிவு வரவில்லை. வாக்கெடுப்பு அடுத்த மாதம்.

அதுவரைக்கும், இப்போது வகுப்பு நடக்கிற வாடகைக் கட்டிடத்தின் வாசலில் ஒரு மடிக்கிற மேசை, இரண்டு பிளாஸ்க், ஆறு கதிரை போட்டிருக்கிறோம். போகிற வழிக்கு இடைஞ்சல் என்று காவலாளி இரண்டு தரம் சொல்லிவிட்டார். மூன்றாவது சனி அந்த வான்காரர் உள்ளே வந்தார். தேத்தண்ணியை எடுத்தார். கதிரையை ஜன்னல் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டு இருந்தார். நான் கிட்டப் போய் என் பெயரைச் சொன்னேன்.

“தெரியும்,” என்றார். “உங்கட மகளைப் பற்றி என்ர மகன் ஒவ்வொரு கிழமையும் சொல்லுவான்.”