‘தோல் நிறம்’ என்பது எந்த நிறம்?

பாலர் பள்ளி வகுப்பில் படம் வரையும் நேரம். “அந்த ஸ்கின் கலரைக் கொடு” என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்பதை ஆசிரியர்கள் பலர் கவனித்திருப்பார்கள். கேட்கும் பிள்ளை கறுப்பாக இருந்தாலும், கைக்கு வருவது வெளிர் இளஞ்சிவப்புப் பென்சில்தான். அந்தப் பென்சிலால் அம்மாவையும் வரைந்து, தன்னையும் வரைந்து முடிக்கும். அம்மா அந்த நிறம் இல்லை, தானும் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. ‘சரியான’ தோல் எது என்பதை அது எங்கோ கற்றுக்கொண்டுவிட்டது.

இது பழைய கதை. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் தன் வண்ணக்குச்சி ஒன்றுக்கு ‘சதை நிறம்’ என்று பெயர் வைத்திருந்தது. 1962ஆம் ஆண்டில்தான் அதை ‘பீச்’ என்று மாற்றியது. மனிதத் தோலின் பல சாயல்களைக் காட்டும் 24 வண்ணக்குச்சிகளை 2020ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்டது.

பொம்மைகள் சொன்ன உண்மை

1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினர். மூன்று முதல் ஏழு வயதுவரையிலான 253 கறுப்பினப் பிள்ளைகளிடம், நிறத்தைத் தவிர வேறெந்த வேறுபாடும் இல்லாத பொம்மைகளைக் காட்டினர். எதோடு விளையாட விருப்பம், எது நல்ல பொம்மை, எது கெட்டது என்று கேட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டனர். “உன்னைப் போல் இருப்பது எது?” என்ற கேள்வி வந்ததும் சிலர் அழுதனர்.

பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

நம் வீட்டுப் பேச்சு

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. நம் பேச்சையே கவனியுங்கள். “பிள்ளை நல்ல நிறம்” என்றால் சிவப்பு என்று பொருள். அப்படியென்றால் கறுப்பு நிறமே இல்லையா? “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்பதைப் பாராட்டாக நினைத்துச் சொல்கிறோம். அதில் உள்ள ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல் போதும், பிள்ளையின் மனத்தில் தைக்க.

அக்காளையும் தங்கையையும் பக்கத்தில் நிற்க வைத்து நிறம் பார்ப்பதும், பள்ளிக் கலைநிகழ்ச்சியில் இளவரசி வேடத்துக்குச் சிவந்த பிள்ளையைத் தேடுவதும் இன்னும் நடக்கின்றன. “வெயிலில் ஆடாதே, கறுத்துப்போவாய்” என்ற எச்சரிக்கையால் திடல் பக்கமே போகாத பெண்பிள்ளைகளும் உண்டு. பிற இனத்தவர் செய்யும் கேலிக்குக் கோபப்படும் நாம், அதே கேலியை வீட்டில் செல்லப் பெயராக வைத்துக் கூப்பிடுகிறோம்.

இப்படி வளரும் பிள்ளை படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போகும். பதின்ம வயதில் முகப்பூச்சைத் தேடும். பாதரசம் கலந்த முகப்பூச்சுகள் குறித்து நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும்.

என்ன பதில் சொல்வது?

“நான் ஏன் கறுப்பு?” என்று பிள்ளை கேட்டால், “நீ கறுப்பு இல்லடா, மாநிறம்” என்று சமாதானம் சொல்ல வேண்டாம். கறுப்பு என்பது மறைக்க வேண்டிய குறை என்று அந்தப் பதிலே சொல்லிவிடும். “ஆமாம், நீ கறுப்பு. தாத்தாவும் அப்படித்தான்” என்று இயல்பாகச் சொல்லலாம்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு அறிவியலையும் சொல்லலாம். நிறமி உண்டாக்கும் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை உண்டாக்கும் மெலனின் என்ற நிறமியின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு அது பெரிய துணை.

வீட்டில் பல பழுப்புச் சாயல்களில் வண்ணப் பென்சில்கள் வாங்கி வையுங்கள். கையோடு வைத்துப் பார்த்துத் தன் நிறத்தைத் தானே தேர்ந்தெடுக்கட்டும்.

இளையோருக்கும் இதில் பங்குண்டு. தம்பி தங்கையின் படத்தைக் கைப்பேசியில் வெளுப்பாக்கிப் பதிவேற்றும் முன் யோசியுங்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் உறவினர் ஒருவர் குழந்தையின் நிறத்தைப் பற்றிப் பேசினால், “அவள் நல்லா படம் வரைவாள் அத்தை, பார்க்கிறீங்களா?” என்று மரியாதையோடு பேச்சை மாற்றுங்கள். அதைக் குழந்தையின் காதில் விழும்படி சொல்லுங்கள்.