மழையில் டயரின் பிடிப்பு

உராய்வுப் பாடத்தின்போது மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: டயரில் வரிப்பள்ளங்கள் எதற்கு? “பிடிப்புக்கு” என்பார்கள். ஆனால், உலர்ந்த தடத்தில் பந்தயக் கார்கள் பள்ளமே இல்லாத டயரில்தான் ஓடுகின்றன. ரப்பர் தரையை முழுமையாகத் தொடுவதால் பிடிப்பு அதிகம். பள்ளங்களின் வேலை மழைநீரை வெளியேற்றுவது. தேய்ந்த டயர் வேகமாகச் செல்லும்போது நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும். பிரேக் பிடித்தும் பயனில்லை.

உராய்வுக் குணகம் உலர்ந்த சாலையில் 0.7, ஈரச் சாலையில் 0.4 எனக் கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்தபின் நிற்க முறையே சுமார் 20 மீட்டரும் 35 மீட்டரும் தேவை. இவ்விரு தூரங்களையும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, மாணவர்களை நடந்து பார்க்கச் செய்யுங்கள். மழைநாளில் சாலையைக் கடக்கும்போது அந்தக் கூடுதல் 15 மீட்டர் அவர்கள் நினைவுக்கு வரவேண்டும்.