அஞ்சலுக்குள் ஓர் ஏடு

நுழையும்முன்

ஓலை, தாள், மின்னஞ்சல் எனக் கருத்தைச் சுமக்கும் கருவிகள் காலந்தோறும் மாறிவருகின்றன. கருவி மாறும்போது பழையதைப் படிக்கும் திறன் மறைந்துபோகும் இடரும் உண்டு. மின்னஞ்சலின் உள்ளமைப்பையும், அதன் இணைப்புகளைக் கட்டளை வரிக் கருவிகளால் கையாளும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏடு தேடிய கடிதங்கள்

1855ஆம் ஆண்டு பிறந்த உ.வே.சாமிநாதர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியபோது, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற அவர், அறிஞர் பலரோடு கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். தமக்கு வந்த கடிதங்களைப் பாதுகாத்தும் வைத்தார்.

நூறாண்டுகளுக்குப் பின் அப்பணி வேறொரு வடிவம் கொண்டது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் ஏற்றினர். அவர்களை ஒன்றிணைத்த பாலம் மின்னஞ்சல்.

அஞ்சலின் அமைப்பு

கணினி வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை 1971இல் ரே டாம்லின்சன் அனுப்பினார். அக்கால அஞ்சல் முறை ஆங்கில எழுத்துகள், எண்கள் உள்ளிட்ட 128 குறிகளை மட்டுமே ஏற்றது. படத்திற்கோ தமிழுக்கோ அதில் இடமில்லை. இக்குறையைப் போக்க, நத்தானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் வகுத்த ‘மைம்’ என்னும் நெறிமுறை 1992இல் வெளியாயிற்று.

ஓர் அஞ்சல் தலைப்பகுதி, உடற்பகுதி என இரண்டாக அமையும். இடையே ஒரு வெற்று வரி இருக்கும். பரந்த நன்செய் நிலத்தை வரப்புகள் தனித்தனி வயல்களாகப் பிரிப்பதுபோல, உடற்பகுதியை எல்லை வரிகள் பல கூறுகளாகப் பிரிக்கின்றன. ஒரு கூற்றில் மடல் இருக்கும். மற்றொன்றில் படம் இருக்கும். இணைப்பு என்பது அஞ்சலோடு தனியே கட்டப்பட்ட பொதியன்று. அஞ்சலுக்குள்ளேயே எழுத்துகளாக எழுதப்பட்ட பகுதியாகும்.

படத்தை எழுத்தாக மாற்றப் பெரிதும் பயன்படுவது ‘பேஸ்64’ முறை. இது 3 பைட்டுகளை 4 எழுத்துகளாக மாற்றும். அதனால் கோப்பின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். ‘தஞ்சாவூர்’ என்னும் சொல் ஒருங்குறியில் புள்ளிகளும் துணைக்குறிகளும் சேர்ந்து 9 குறிகளால் ஆனது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்வதால், அச்சொல் 27 பைட்டுகளாகும். பேஸ்64இல் 36 எழுத்துகளாகும்.

கட்டளை வரிக் கருவிகள்

காவிரிப் படுகையின் கோயில் கல்வெட்டுகளை மாணவர்கள் படமெடுத்து, 200 அஞ்சல்களாக ஒரே முகவரிக்கு அனுப்பியதாகக் கொள்வோம். ஒவ்வொன்றாகத் திறந்து படங்களைச் சேமிப்பது நெடும்பணி. கட்டளை வரியில் அது எளிதாகும்.

முதலில் அஞ்சல்களைக் கோப்புகளாகச் சேமித்துப் படியெடுக்க வேண்டும்; மூலத்தைத் தொடாமல் படியில் பணி செய்வதே முறை. அடுத்து ‘மன்பேக்’ என்னும் கருவி எல்லை வரிகளை அறிந்து இணைப்புகளைப் பிரித்தெடுக்கும். ஓர் அஞ்சலுக்கான கட்டளையைச் சுழற்சியில் அமைத்தால் 200 அஞ்சல்களுக்கும் அதுவே போதும். ஒரே பெயருடைய படங்கள் கலவாதிருக்க, ஒவ்வோர் அஞ்சலுக்கும் தனிக் கோப்புறை தேவை.

சொற்களைத் தேட உதவுவது ‘கிரெப்’. ஆயினும் தமிழ் மடலில் ‘கல்வெட்டு’ என்று தேடினால், அச்சொல் இருந்தும் கிடைக்காமல் போகலாம். பேஸ்64இல் மாற்றப்பட்ட மடலில் தமிழ் எழுத்துகள் அவ்வடிவில் இல்லாமையே காரணம். முதலில் மாற்றத்தை நீக்கி, பின்னரே தேட வேண்டும்.

இணைப்பைப் பிரித்தெடுப்பது வேறு, திறப்பது வேறு. ‘ஃபைல்’ என்னும் கட்டளை, கோப்பின் பெயரை நம்பாமல் அதன் உள்ளடக்கத்தை ஆய்ந்து வகையைக் கூறும். படம் என்ற பெயரில் செயல்நிரல் வந்திருந்தால், அதனைத் திறக்காமலே விலக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

மதுரைத் திட்ட நூல்கள் தொடக்கத்தில் தனி எழுத்துருக்களிலும், பின்னர்த் ‘திஸ்கி’ முறையிலும், அதன்பின் ஒருங்குறியிலும் வெளியாயின. திஸ்கியில் எழுதிய பழைய மடல் இன்று பொருளற்ற குறிகளாகத் தோன்றலாம். லினக்சில் உள்ள ‘ஐகான்வ்’ கட்டளை அதனை ஒருங்குறியாக மாற்றித் தரும்.

அஞ்சலைக் காட்டும் செயலிகள் தோன்றி மறையும். எழுத்தாலான அஞ்சலோ, அதன் அமைப்பை அறிந்தவருக்கு என்றும் படிக்கக் கிடைக்கும். ஓலையைப் படிக்கத் தெரிந்தவர் இருந்ததால் இலக்கியம் பிழைத்தது. மின்மடலைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் இக்காலத்தின் எழுத்தும் பிழைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பெயர் ஒருங்குறியில் எத்தனை குறிகளால் ஆனது எனக் கணக்கிட்டு, பேஸ்64இல் எத்தனை எழுத்துகளாகும் எனக் கண்டறிக.
2. மின்னஞ்சல் ஒன்றின் மூல வடிவத்தைத் திறந்து, தலைப்பகுதி, எல்லை வரி, இணைப்பு ஆகியவற்றை அடையாளம் காண்க.