பாதி சீனம், பாதி ஜாவா: டச்சுப் புறநகரின் மாலைச் சாப்பாடு

நெதர்லாந்தில் மாலை ஆறு மணி என்றால் இரவுச் சாப்பாட்டு நேரம். ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டெல்வேன் ஆனாலும் சரி, தி ஹேக்கை ஒட்டிய ரைஸ்வைக் ஆனாலும் சரி, புறநகர்க் கடைவீதியில் நடந்தால் சிவப்பு விளக்குக் கூண்டும் தங்கநிற டிராகனும் வைத்த சீன-இந்தோனேசிய உணவகம் ஒன்று கண்ணில் படும். உள்ளே மீன் தொட்டி இருக்கும். பார்சல் வாங்க வருபவர்களுக்குத் தனிச் சாளரம் இருக்கும். உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் எண் உண்டு. பெயரைச் சொல்ல நாக்கு வளையாதவர்கள் எண்ணைச் சொன்னால் போதும். சீனாவின் சாப் சோய்க்குப் பக்கத்திலேயே ஜாவாவின் வறுத்த சோறான நாசி கோரெங், அதற்கு அடுத்து குச்சியில் கோத்துச் சுட்ட கோழி சாத்தே என்று இரண்டு நாட்டுச் சமையலும் அந்தப் பட்டியலில் கலந்து நிற்கும்.

இந்தக் கலவையைக் கேலி செய்பவர்கள் உண்டு. சீனரும் இதைத் தம் உணவு என்று ஒப்புக்கொள்ளமாட்டார், இந்தோனேசியரும் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பார்கள். ஆனால் இது எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டு சாப்பிட உட்காருபவருக்கு அந்தக் கேலி பொருந்தாது.

1911இல் நெதர்லாந்துத் துறைமுகங்களில் கப்பல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குப் பதிலாக நிறுவனங்கள் சீன மாலுமிகளைக் கொண்டுவந்தன. ராட்டர்டாமின் காடென்ட்ரெக்ட் பகுதியில் அவர்கள் தங்கினார்கள். அவர்களுக்காகவே சிறு சாப்பாட்டுக் கடைகள் தோன்றின. 1930களின் பொருளாதார மந்தத்தில் கப்பல் வேலை போனதும், பலர் தெருத்தெருவாக நிலக்கடலை மிட்டாய் விற்றுப் பிழைத்தார்கள்.

திருப்பம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1945 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. அதை ஏற்காத டச்சு அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை அங்கே அனுப்பிப் போரிட்டது. 1949 டிசம்பர் 27 அன்றுதான் ஆட்சியைக் கையளித்தது. வீரர்கள் நாசிச் சோறு, பாமி நூடுல்ஸின் ருசியோடு ஊர் திரும்பினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்தோனேசியாவிலிருந்து நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஐரோப்பியரும் ஆசியரும் கலந்த குடும்பத்தினர் அவர்களில் மிகப் பலர். இவர்கள் எல்லோரும் தேடியது அந்தச் சாப்பாட்டை. சீன உணவக உரிமையாளர்கள் நிலைமையைச் சட்டென்று புரிந்துகொண்டு, தங்கள் பட்டியலில் இந்தோனேசியப் பண்டங்களைச் சேர்த்தார்கள். புதிய குடியிருப்புகள் எழும்ப எழும்ப, உணவகங்களும் புறநகர்களுக்குப் போயின. வெளியே போய்ச் சாப்பிடும் வழக்கமே அதிகம் இல்லாத உழைக்கும் குடும்பங்களை முதன்முதலாக உணவக மேசையில் உட்காரவைத்தவை பெரும்பாலும் இவைதான். வாங்கிப் போவதற்கு வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள்.

இந்த உணவகங்களில் பாபி பாங்காங் என்னும் பன்றி இறைச்சிப் பண்டம் மிகப் பிரபலம். வட சுமாத்திராவின் பத்தாக் மக்கள் பன்றி இறைச்சியைச் சுட்டுச் செய்வது ஒரு விதம். டச்சுப் புறநகரில் கிடைப்பது வேறு. இறைச்சித் துண்டுகளின் மேல் இனிப்பும் புளிப்புமான சிவப்புச் சாறு ஊற்றி, முட்டைக்கோஸ் ஊறுகாயோடு தருகிறார்கள். ஃபூ யோங் ஹாய் என்பது கனத்த ஆம்லெட். அதன் மேலும் தக்காளிச் சாறுதான். டச்சு நாக்குக்கு ஏற்பக் காரம் தணிந்து, இனிப்பு கூடியிருக்கிறது. காரம் வேண்டும் என்பவர்கள் மிளகாய் விழுதான சம்பலைத் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு தட்டு இருவருக்குப் போதும் என்னும் அளவுக்கு வந்து குவியும்.

அதே புறநகரில் இந்தோனேசியக் குடும்பங்கள் நடத்தும் உணவகம் இருந்தால், அங்கே ரைஸ்டாஃபெல் கேட்கலாம். நடுவில் சோறு, அதைச் சுற்றி பன்னிரண்டு, பதினைந்து, சில இடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு கிண்ணங்கள். மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களுடைய ரெண்டாங், தேங்காய்ப்பால் முழுவதும் வற்றும்வரை மணிக்கணக்கில் கிளறிய மாட்டிறைச்சி. சயூர் லோடே, காய்கறிகளைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. யாழ்ப்பாணத்துச் சொதி பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வறுத்த தேங்காய்த்துருவலான செருண்டெங், இறாலும் மாவும் சேர்த்துப் பொரித்த குருபுக், சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய டெம்பே எல்லாம் வரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையக்கூடாது. கரண்டியும் முட்கரண்டியுமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் சோற்றோடு தனித்தனியாக ருசிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இருவருக்குக் குறைவாக இதைப் பரிமாறுவதில்லை.

இந்த விருந்துக்கு ஒரு கசப்பான பின்னணியும் இருக்கிறது. காலனி ஆட்சிக் காலத்தில் பத்தாவியாவின் (இன்றைய ஜகார்த்தா) ஓட்டல் டெஸ் இண்டெஸ் போன்ற இடங்களில், ஆளுக்கு ஒரு பண்டமாக ஏந்திய உள்ளூர்ப் பணியாளர்கள் வரிசையாக வந்து டச்சு எசமானர்களுக்குப் பரிமாறினார்கள். விடுதலைக்குப் பிறகு இந்தோனேசியா அந்த ஆடம்பரத்தை ஒதுக்கியது. நெதர்லாந்தோ அதைத் தன் விருந்தாகவே வைத்துக்கொண்டது. பல பண்டங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பும் முறை இந்தோனேசியாவின் பாடாங் உணவகங்களில் இன்றும் உண்டு. அங்கே சாப்பிட்ட தட்டுகளுக்கு மட்டும் காசு.

டச்சு ஆட்சியின் சாப்பாட்டுத் தடம் இலங்கையிலும் பதிந்திருக்கிறது. பறங்கியர் சமையலில் புகழ்பெற்ற லம்ப்ரைஸ், சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் பொதிந்து சூளையடுப்பில் வேகவைத்தெடுப்பது.

சைவம் உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறியும் டோஃபுவும் டெம்பேயும் கடலைச் சாறோடு சேர்ந்த காடோ-காடோ பார்ப்பதற்குச் சைவம்தான். ஆனால் முட்டையும் குருபுக்கும் அதில் சேரும். கடலைச் சாற்றிலோ சம்பலிலோ தெராசி எனப்படும் புளித்த இறால் விழுது இருக்கக்கூடும். பரிமாறுபவரிடம் கேட்டுவிடுவதே நல்லது.

அண்மை ஆண்டுகளில் இந்த உணவகங்கள் குறைந்துவருகின்றன. உரிமையாளர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். பழைய இடங்களில் சுஷியும், விரும்பிய அளவு சாப்பிடும் வோக் உணவகமும் வந்திருக்கின்றன. 1975இல் சுரினாம் விடுதலை பெற்ற காலத்தில் அங்கிருந்து வந்த ஜாவா வம்சாவளியினர், சவோத்தோ என்னும் கோழிச் சூப்பை விற்கும் தங்கள் சொந்தக் கடைகளைத் தொடங்கிவிட்டார்கள். 2021இல் சீன-இந்தோனேசிய உணவகப் பண்பாடு நெதர்லாந்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் இடம் கிடைத்துவிட்டதாலேயே அடுப்பு எரிந்துகொண்டிருக்காது. போய்ச் சாப்பிடுபவர்கள் வேண்டும். நெதர்லாந்துக்குப் போகும் தமிழ்க் குடும்பம் ஆம்ஸ்டர்டாமின் நடுவே கூட்டத்தில் நிற்பதற்குப் பதிலாக, டிராமில் ஏறி ஆம்ஸ்டெல்வேன் வரை போய் இரண்டு தட்டு நாசி, ஒரு சாத்தே, தனியாகச் சம்பல் என்று கேட்டுப் பார்க்கலாம். மறுநாள் தி ஹேக்கில் ரைஸ்டாஃபெல் சாப்பிட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாக்கிலேயே தெரிந்துவிடும்.