இரத்தத்துல கெமோகைன்: யாருக்கு நோய் முத்தும்னு முன்னாடியே தெரியுமா?

ஒரே தொற்று ரெண்டு பேருக்கு வருது. ஒருத்தர் அஞ்சு நாள்ல ஆபீஸ் போயிடறார். இன்னொருத்தர் ஐசியூ போறார். யார் எந்தப் பக்கம் போவாங்கன்னு முதல் நாளே ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல, கெமோகைன்னா என்ன? மயிலாப்பூர்ல காபிக்கொட்டை வறுக்கிற கடையை மேப் இல்லாமலே கண்டுபிடிச்சிடலாம். வாசனை கூடுற பக்கம் நடந்தா போதும். கெமோகைன் அந்த வாசனை மாதிரி. தொற்று வந்த இடத்துல இருக்கிற செல்கள் இந்தச் சின்னப் புரதங்களை வெளியிடும். வெள்ளை அணுக்கள் அதைப் பிடிச்சிக்கிட்டு அங்க வந்து சேரும். சிஎக்ஸ்சிஎல்-8 நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும். சிஎக்ஸ்சிஎல்-10 டி செல்களைக் கூப்பிடும்.

வாசனை கடை வாசலோட நிக்காம லஸ் கார்னர் வரைக்கும் வந்தா? உள்ள பெரிய அளவுல வறுக்கறாங்கன்னு அர்த்தம். நுரையீரல்ல இருக்க வேண்டியது ரத்தத்துல நிறைய தெரியறதும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2020 தொடக்கத்துல வூஹான்ல இருந்து வந்த 41 கோவிட் நோயாளிகள் பற்றிய அறிக்கையில, ஐசியூவுல இருந்தவங்களுக்கு சிஎக்ஸ்சிஎல்-10 அதிகமா இருந்தது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சேத்துப்பட்டுல தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. 1956-ல ஆரம்பிச்சது. காசநோயாளிகளை சானடோரியத்துல வைக்காம வீட்டுல இருந்தே குணப்படுத்தலாம்னு 1959-ல உலகத்துக்குக் காட்டினது இங்கதான். அந்த நிறுவனத்தோட ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஒரு ஆய்வு 2021-ல கிளினிக்கல் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழ்ல வந்தது. காசநோய் சிகிச்சை தொடங்கறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்தைப் பார்த்தாங்க. பின்னாடி சிகிச்சை பலிக்காதவங்க, நோய் திரும்பி வந்தவங்க, இறந்தவங்க ஒரு பக்கம். குணமானவங்க இன்னொரு பக்கம். முதல் குழுவுக்கு சிஎக்ஸ்சிஎல்-8, சிஎக்ஸ்சிஎல்-10 உட்பட சில கெமோகைன்கள் ஆரம்பத்துலயே அதிகமா இருந்தது.

அப்போ ஏன் நம்ம லேப்ல இந்த டெஸ்ட் இல்ல? சாஃப்ட்வேர் ஆளா எனக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒரு டேட்டாவுல நல்லா ஓடுற மாடல் புரொடக்‌ஷன்ல அப்படியே ஓடும்னு சொல்ல முடியாது. சிஎக்ஸ்சிஎல்-10 காசநோய்க்கும் ஏறும், டெங்குவுக்கும் ஏறும், கோவிடுக்கும் ஏறும். எந்த எண்ணுக்கு மேல போனா ஆபத்துங்கறதுக்கு எல்லா லேபும் ஒத்துக்கிற ஒரு கோடு வேணும். செலவும் குறையணும்.

இதுல இன்னொரு போட்டியும் இருக்கு. 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' கொண்டு வந்தது. உடல் எடை ரொம்பக் குறைவா, மூச்சு வேகமா இருக்கா இல்ல ஆக்சிஜன் குறைவா, பிடிமானம் இல்லாம நிக்க முடியுதா, இதை வச்சே ஆபத்துல இருக்கறவங்களைக் கண்டுபிடிச்சு உடனே அட்மிட் பண்றாங்க. தராசு, ஆக்சிமீட்டர், ஒரு நர்ஸ் இருந்தா போதும்.

அதனால கெமோகைன் டெஸ்ட் ஜெயிக்க வேண்டிய இடம் வேற. தெம்பா நடந்து வந்து மாத்திரை வாங்கிட்டுப் போற ஒருத்தர். நிக்கச் சொன்னா நிப்பார், ஆக்சிஜனும் சரியா இருக்கும். ஆனா ஆறு மாசம் மருந்து சாப்பிட்டும் நோய் திரும்ப வரும். அவரை முதல் நாளே காட்டிக் கொடுத்தா, கூடுதலா கவனிக்கலாம். அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி.

அதுவரைக்கும் நம்ம வேலை சிம்பிள். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி பரிசோதனை பண்ணிடுங்க. அரசு மருத்துவமனையில இலவசம். வீட்டுல யாராவது இருமிக்கிட்டே இருந்தா இந்த எபிசோடை அனுப்பறதோட நிறுத்தாம, நீங்களே கூட்டிட்டுப் போங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.